ஒரு மணிப் படகு

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து ஜிப் மாற்றும் வேலைதான். பதினோரு கால்சட்டை. பத்தில் ஜிப் பழுது. பதினொன்றாவதில் ஜிப் நன்றாகத்தான் இருக்கிறது, போட்டவருக்கு வயிறு பெருத்துவிட்டது. பழியை ஜிப் மேல் போடுகிறார். இடுப்பைக் கொஞ்சம் விட்டுக் கொடுத்து, ஜிப்பை மாற்றியதாகச் சொல்லி அனுப்பினேன். மனிதர் சந்தோஷமாகப் போனார்.

ஆறு மணிக்குச் சின்னவள் போன். என் தங்கை, முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பவள். வழக்கம்போல் வகுப்பில் நடந்த கூத்தையெல்லாம் சொன்னாள். போனை வைக்கப் போகும்போதுதான், கடையில் வாங்க மறந்த சாமானைச் சொல்கிற மாதிரி, "அக்கா, கழுத்துல ஒரு கட்டி இருக்காம். எடுக்கணுமாம். இருபத்தேழாம் தேதி, வெள்ளிக்கிழமை காலையில" என்றாள்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஏதோ உளறினேன்.

மார்ச் 4, புதன்

இன்று நானே போன் செய்து விவரம் கேட்டேன். அது கெட்ட கட்டியா இல்லையா என்பது எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் தெரியுமாம். டாக்டருக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. கட்டி குரல் நரம்பை ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். எடுக்கும்போது நரம்பில் அடிபட்டால் குரல் போகலாம். கொஞ்ச நாளைக்குப் போகலாம், ஒரேயடியாகவும் போகலாம்.

குரல் போனால் வேலை என்ன ஆகும் என்று அவள் யோசிக்கிறாள். நான் யோசித்தது என்னைப் பற்றி. சுயநலம்தான், இங்கே மறைத்து என்ன ஆகப் போகிறது? கல்யாணமாகி அவள் அந்தத் தீவுக்குப் போய்ப் பதினாறு வருடம். மூன்று தடவை அவள் இங்கே வந்தாள். நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. பதினாறு வருடமாக எனக்குத் தங்கை என்றால் மாலை ஆறு மணிக்கு வருகிற ஒரு குரல்.

ஆஸ்பத்திரியில் கூட யார் இருப்பார்கள் என்று கேட்டேன். பக்கத்து வீட்டு டீச்சர் இருப்பாராம். அவள் கணவர் இறந்து நான்கு வருடம். பிள்ளை இல்லை. அக்கா என்று நான் ஒருத்தி இருக்கிறேன், நடுவில் கடல் இருக்கிறது.

"நான் வரேன்" என்றேன். "சரிக்கா" என்றாள். நம்பவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

மார்ச் 6, வெள்ளி

என் கணவருடைய மேலதிகாரி ஓய்வு பெறுகிறார். ஐந்து மணிக்கு விருந்து. "நேரத்த மாத்திட்டாங்களாம், நாலரைக்காம்" என்று இவரிடம் சொன்னேன். நாலே காலுக்குக் குளிக்கப் போனார். ஐந்து அடித்து ஐந்து நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நான் நினைத்த நேரம்தான்.

இவர் லிஃப்ட் மெக்கானிக். யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வந்தால் சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஓடுவார். நாங்கள் போக வேண்டிய இடம் என்றால் மட்டும் சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றாக விசாரணை நடக்கும். அதனால் இருபத்திரண்டு வருடமாக எல்லாவற்றுக்கும் அரை மணி முன்னால்தான் சொல்கிறேன். பிள்ளைகள் வளரும் என்று சீருடையில் இரண்டு விரல் துணியை உள்ளே மடித்துத் தைக்கிறேன் இல்லையா, அது போல. பாவம், மனிதருக்கு இன்றுவரை தெரியாது.

மார்ச் 8, ஞாயிறு

கடை விடுமுறை. அளவு வெட்டிப் பார்க்கிற பழுப்புக் காகிதத்தைச் சாப்பாட்டு மேஜை மேல் விரித்து, துணிக்குக் கோடு போடும் சாக்குக்கட்டியால் பயணத்தை வரைந்தேன்.

இங்கிருந்து முதல் படகு காலை ஏழுக்கு. பதினொன்று பத்துக்கு நடுத்தீவு. அங்கே இறங்கி வேறு கம்பெனிப் படகு, அது ஒன்றரைக்கு. மூன்று மணி நேரம். நாலரைக்கு அவள் தீவு. துறையிலிருந்து நாலே முக்காலுக்குப் பேருந்து, அதை விட்டால் மறுநாள் காலைதான். ஆறு மணிக்கு அவள் ஊர். ஆஸ்பத்திரியும் அங்கேயே. இரண்டாவது படகு செவ்வாய், வியாழன், சனி மட்டும். விமானம்? இறங்க அங்கே இடம் இல்லை.

ஒன்றரைப் படகு தாமதமானால் பேருந்து நிற்குமா? யாரைக் கேட்பது? அவளையே கேட்டேன். டிரைவர் படகைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பாராம், கடல் தெரிகிற இடத்தில்தான் நிறுத்துவாராம். அதையும் எழுதிக்கொண்டேன்.

இவர் வந்து பார்த்துவிட்டு, "இது சட்டையா, கவுனா?" என்று கேட்டார். உங்கள் வாயைத் தைக்கத்தான் அளவெடுக்கிறேன் என்றேன். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏழு, ஒன்றரை, நாலே முக்கால் என்று பள்ளிப் பையன் மாதிரி மனப்பாடம் செய்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் தைரியமும் வந்தது.

மார்ச் 10, செவ்வாய்

டிக்கெட் எடுத்தாயிற்று. இருபத்துநாலா, இருபத்தாறா என்று கவுண்டரில் கேட்டார்கள். இருபத்தாறு என்றேன். இவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

இருபத்துநாலில் போனால் ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு முழு நாள் அவளோடு இருக்கலாம். இருபத்தாறில் போனால் மாலை போய்ச் சேர்வேன், விடிந்தால் அவளை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். சீருடை வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்று இவரிடம் சொன்னேன். பொய். கடலை இரண்டு நாள் தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான்.

மார்ச் 12, வியாழன்

வாளித் தண்ணீர் தளும்பியதைப் பார்த்தே வயிற்றைப் புரட்டியது. சீ, என்ன பிறவி நான்.

மார்ச் 15, ஞாயிறு

இதை எழுதாமல் தள்ளிக்கொண்டே வருகிறேன். எழுதிவிடுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவள் கணவர் இறந்த மறுநாள், நானும் இவரும் படகுத்துறைக்குப் போனோம். கையில் டிக்கெட் இருந்தது. படகுக்கு ஏறுகிற பலகைமேல் கால் வைத்து நின்றேன். பலகை ஆடியது, கீழே தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது. எனக்குப் பன்னிரண்டு வயதில் ஆற்றுப் படகில் தண்ணீர் புகுந்து, எல்லாரும் கத்தி, ஐந்து வயதுச் சின்னவளை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்த ஈரம் இன்னும் என் காலில் இருக்கிறது.

பலகைமேல் என் முகத்தைப் பார்த்து இவர் சொன்னார்: "முடியலேன்னா விட்டுடு. திரும்பிடலாம்." பிரியத்தில்தான் சொன்னார். நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அன்று ஆறு மணிக்கு அவளுக்குப் போன் செய்து, படகில் இடம் இல்லை, அடுத்த படகில் வருகிறேன் என்றேன். அடுத்த படகிலும் போகவில்லை. அதற்கு அடுத்ததிலும் போகவில்லை. அவள் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 18, புதன்

இவர் எனக்குப் பயிற்சி கொடுக்கிறாராம். மதியம் கடையை மூடச் சொல்லி, பழுது பார்த்து முடித்த ஒரு கட்டடத்துக்குக் கூட்டிப்போனார். பதினான்கு மாடி. லிஃப்டில் நிற்கவைத்து மேலும் கீழும் ஓட்டினார். நடுநடுவே பொத்தானை அழுத்தி நிறுத்தி, "இது அலை. இது பெரிய அலை" என்று விளக்கம் வேறு. ஒன்பதாவது தடவை கீழே வரும்போது கதவு திறந்து ஒரு அம்மா ஏறினார். எந்த மாடிக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். இவர் பதினாலு என்றார், நான் தரைத்தளம் என்றேன்.

வாந்தி வரவில்லை. கடலில் நாலு பக்கமும் சுவர் இல்லையே என்றேன். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

மார்ச் 21, சனி

ஆறு மணிப் போன். அவள் குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. சளிதான் என்றாள். எல்லாம் தயார், வியாழன் காலையே ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடுவேன், டீச்சரிடம் சாவி இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில், "உன்னால முடியலேன்னாலும் பரவாயில்லக்கா. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்றாள்.

போனை வைத்துவிட்டு ஒரு முழுப் பாவாடையைத் தப்பாகத் தைத்துப் பிரித்தேன்.

மார்ச் 25, புதன்

பெட்டி கட்டியாயிற்று. வாந்தி மாத்திரை ஒரு பட்டை, எலுமிச்சம்பழம் நாலு, துண்டு இரண்டு, பாலித்தீன் பை ஒரு கட்டு. இவர் சட்டைப்பையில் ஓட்டை. ஊருக்கெல்லாம் தைக்கிறாய், எனக்கு ஒரு பை தைக்க நேரம் இல்லையா என்று மூன்று மாதமாகக் கேட்கிறார். ஊருக்குப் போய்வந்து தைக்கிறேன் என்றேன். அதுவரை போனை என் கைப்பையில் போட்டுக்கொள்வாராம்.

காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதாவது ஆறு மணிக்கு.

மார்ச் 26, வியாழன். முதல் படகு

மாத்திரைப் பட்டை வீட்டில் தையல் மெஷின் மேலேயே இருக்கிறது. காலையில் ஒன்று போட்டுக்கொண்டு அப்படியே வைத்துவிட்டேன். என்னை என்ன சொல்வது.

இரண்டு தடவை வாந்தி. மீதி நேரமெல்லாம் இவர் தோளில் சாய்ந்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு கிடந்தேன். வழி முழுக்க இவர் எங்கெங்கே எத்தனை மாடி லிஃப்ட் போட்டார் என்று கதை சொல்லிக்கொண்டே வந்தார். நடுத்தீவு தெரிகிறதாம். நான் பார்க்கவில்லை.

அதே நாள். இரண்டாவது படகு

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. எழுதாவிட்டால் கத்திவிடுவேன் போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

இவர் படகில் இல்லை.

நடந்தது இதுதான். நடுத்தீவில் இறங்கினோம். எனக்கு மாத்திரை வாங்கிவர இவர் கடைத்தெருவுக்குக் கிளம்பினார். அவர் போகும்போதே நான் கவுண்டரில் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். பிற்பகலில் காற்று கூடுமாம், அதனால் படகு இன்று ஒரு மணிக்கே. நான் கத்தினேன்: "நேரத்த மாத்திட்டாங்களாம்! ஒரு மணிக்காம்! சீக்கிரம் வந்துடுங்க!" இவர் திரும்பிக் கையாட்டினார். சிரித்தார்கூட.

பெட்டிகளை முன்னாலேயே ஏற்ற வேண்டும் என்றார்கள். ஏற்றினேன். நீங்களும் ஏறி உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தேன். பன்னிரண்டே முக்கால். பன்னிரண்டு ஐம்பது. இவர் போனுக்கு அடித்தேன். என் கைப்பைக்குள் மணி அடித்தது.

கயிற்றை அவிழ்க்கும்போது நான் பலகைப் பக்கம் ஓடினேன். அங்கே நின்ற படகுக்காரர் வயதானவர். ஒருத்தருக்காகப் படகை நிறுத்த முடியாதும்மா, காத்து வருது என்று விளக்கினார். பிறகு சொன்னார்: "இறங்கறதுன்னா இப்பவே இறங்குங்க. போறதுன்னா உள்ள வாங்க. நடுவுல நிக்காதீங்க."

அதே பலகை. அதே கறுப்புத் தண்ணீர். வலது கால் வெளியே இருந்தது. இறங்கிவிட்டால் எவ்வளவு நல்ல காரணம் என்னிடம் இருக்கிறது! மாத்திரை இல்லை, கணவர் வரவில்லை, பெட்டி மட்டும் போகட்டும். யாரும் குறை சொல்ல முடியாது. ஆறு மணிக்கு அவளுக்குப் போன் செய்து சொன்னால் "பரவாயில்லக்கா" என்பாள். அந்தப் "பரவாயில்லக்கா"தான் அவள் குரலில் நான் கேட்கிற கடைசி வார்த்தையாக ஆகிவிட்டால்?

விட்டுடு, திரும்பிடலாம் என்று சொல்லப் பக்கத்தில் இவர் இல்லை. அப்படிச் சொல்ல யாராவது இருந்திருந்தால் இறங்கியிருப்பேன், அது நிச்சயம்.

"போறேன்" என்றேன். காலை உள்ளே எடுத்துவைத்தேன்.

பெரியவர் என்னை நடுப்பகுதியில் உட்காரவைத்தார், அங்கே ஆட்டம் குறைவாம். எலுமிச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவை வாந்தி வந்தது, எடுத்தேன், வாயைத் துடைத்துக்கொண்டேன். இப்போது பயமாக இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கவும் முடிகிறது. இத்தனை வருடமாக இது எனக்குத் தெரியாமல் போயிற்றே.

இவர் எங்கே நிற்கிறாரோ? மாற்றிக்கொள்ள ஒரு சட்டைகூட அவரிடம் இல்லை.

அதே நாள், மாலை. அவள் வீடு

நாலு மணிக்கு இறங்கினேன். பேருந்து நின்றது. கடல் தெரிகிற இடத்தில்தான் நிறுத்தியிருந்தார் டிரைவர். ஐந்தே காலுக்கெல்லாம் அவள் ஊர் வந்துவிட்டது.

நேராக ஆஸ்பத்திரிக்கு வழி கேட்கலாம் என்று இறங்கினால், எதிரே பயணிகள் கொட்டகையில் அவளே உட்கார்ந்திருக்கிறாள். நீலச் சேலை, பள்ளிப் பை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், கிட்டே வரவில்லை. நானாகத்தான் இருக்குமா என்று பார்க்கிற மாதிரி நின்றாள். எனக்கோ கோபம் வந்தது. காலையிலேயே ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்க வேண்டியவள், இங்கே என்ன செய்கிறாள்?

கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஆபரேஷன் நாளைக்கு இல்லக்கா. திங்கக்கிழமைதான்."

எனக்குப் புரியவில்லை.

"வெள்ளின்னு சொன்னாத்தான் நீ வியாழனாவது கிளம்புவே. திங்கள்னு சொல்லியிருந்தா சனிக்கிழமைப் படகுக்கு டிக்கெட் எடுத்திருப்பே, அப்புறம் அடுத்த படகுன்னு சொல்லியிருப்பே. எனக்கு வேற வழி தெரியலக்கா."

நடுத்தெருவில் நின்று நான் அழுதேன். அழுகையா, சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. நேரம் மாற்றிச் சொல்லுகிற வித்தை என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று இறுமாந்திருந்தேனே!

வீட்டுக்கு வந்து பத்து நிமிடத்தில் இவர் போன். நடுத்தீவில் ஒரு லாட்ஜிலிருந்து பேசினார். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று மூன்று தடவை கேட்டுக்கொண்ட பிறகுதான் மூச்சு விட்டார். ஒரு மணி என்று கத்தினேனே, காதில் விழவில்லையா என்று கேட்டேன்.

"விழுந்தது. நீ ஒரு மணின்னா ஒன்றரைன்னுதானே அர்த்தம்? காகிதத்துலயும் ஒன்றரைன்னுதானே இருந்தது? ஒண்ணு இருபதுக்கு வந்து நின்னேன். பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம்னு சந்தோஷப்பட்டுட்டு, பாத்தா படகையே காணோம்."

எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டேன்.

"கல்யாணமான ரெண்டாவது மாசத்துலேர்ந்து தெரியும். சொன்னா நீ ஒரு மணி நேரம் முன்னாடி சொல்ல ஆரம்பிச்சிருப்பே."

இருபத்திரண்டு வருடம். பாவம், தெரியாதது எனக்குத்தான்.

மார்ச் 27, வெள்ளி

நான் பயந்த வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்காமல் போயிற்று. காலையில் அவள் பள்ளிக்குப் போய் அரை நாள் வகுப்பு எடுத்துவிட்டு வந்தாள். நான் அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். போனில் கேட்டே பழகிய வீடு. கதவு கிறீச்சிடும் சத்தம் தெரியும், கதவைப் பார்த்ததில்லை. பச்சை நிறம்.

மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது நானே ஆரம்பித்தேன். அன்றைக்குப் படகில் இடம் இருந்தது, நான்தான் ஏறவில்லை என்றேன்.

"தெரியும்க்கா" என்றாள். தட்டுகளை அடுக்கிக்கொண்டே மீதியைச் சொன்னாள். "வாசல்ல ஒரு நாற்காலி போட்டு வச்சிருந்தேன், நீ வந்தா உக்கார. யாரையும் உக்கார விடல. சாயங்காலம் எடுத்து உள்ள போட்டுட்டேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. எந்த நாற்காலி என்று கேட்டேன். நான் உட்கார்ந்திருந்ததைக் காட்டினாள்.

மார்ச் 28, சனி

இவர் வந்து சேர்ந்தார். புதிய சட்டை, அளவு சரியில்லை, தோள் தொங்குகிறது. நடுத்தீவு லாட்ஜில் எட்டு மாதமாக ஓடாத லிஃப்டைச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். சந்தோஷத்தில் லாட்ஜ்காரர் இவரைப் படகுத்துறையில் இரண்டு மணி நேரம் முன்னதாகவே கொண்டுவந்து விட்டுவிட்டாராம். வாழ்க்கையில் முதல் தடவையாகப் படகு வருவதையே பார்த்தேன் என்றார்.

திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னதும் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்காவும் தங்கையும் ஒரே துணியில வெட்டினவங்க" என்றார். சின்னவள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

மார்ச் 29, ஞாயிறு

இன்று முழுக்க அவளைப் பேசவைத்தேன். எதையாவது சொல்லு என்றேன். பிள்ளைகளின் பாடப் புத்தகத்தை எடுத்து அணில், ஆடு, இலை என்று முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள், எங்களிருவரையும் திருப்பிச் சொல்லவைத்தாள். இவர் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி முட்டி போட்டார்.

போனில் பதிவு செய்துவைக்கலாமா என்று கேட்டேன். "வேணாம்க்கா. செத்துப்போனவ குரல் மாதிரி ஆயிடும்" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். மாலை ஆறு மணிக்கு வழக்கத்தால் இரண்டு பேரும் போனைப் பார்த்தோம்.

மார்ச் 30, திங்கள்

எட்டு மணிக்கு உள்ளே போனாள். கதவுவரை கையைப் பிடித்துக்கொண்டு போனேன். "இங்கதான் இருப்பியா?" என்று கேட்டாள். இருப்பேன் என்றேன். இந்தத் தடவை நம்பினாள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பன்னிரண்டே காலுக்கு வெளியே கொண்டுவந்தார்கள். மூச்சு சீராக இருக்கிறது. வேறு எழுத முடியவில்லை.

ஏப்ரல் 1, புதன்

குரல் இல்லை.

வாய் அசைகிறது, காற்று வருகிறது. என் காதை அவள் உதட்டருகே கொண்டுபோய் வைத்தால், துணியில் துணி உரசுகிற அளவுக்கு ஒரு சத்தம். முதலில் என்ன சொன்னாள் தெரியுமா? "வாந்தி எடுத்தியா, படகுல?" ஒரே தடவைதான் என்றேன். முதல் படகில் எடுத்ததைச் சொல்லவில்லை.

ஆறு மாதம் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். திரும்பலாம், இப்படியே இருந்துவிடவும் செய்யலாம்.

ஏப்ரல் 4, சனி

பரிசோதனை முடிவு வந்தது. கெட்ட கட்டி இல்லை.

இவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓர் ஓரமாகப் போய் நின்று மூக்கைச் சிந்தினார். தூசி என்றார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

திரும்பும் படகு. வழியனுப்ப வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தவளைத் தெருமுனையோடு நிறுத்திவிட்டோம். என் காதில் அவள் என்னவோ சொன்னாள், பேருந்துச் சத்தத்தில் கேட்கவில்லை. திரும்பக் கேட்பதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஆறு மணிக்குப் போன் செய்தேன். பள்ளியில் அவளை நூலக அறைக்கு மாற்றிவிட்டார்களாம், "அங்கே யாருமே சத்தம் போடக் கூடாது, எனக்குத் தோதான இடம்" என்று எழுதி அனுப்பியிருந்தாள். எழுத்தைப் படித்தால் போதவில்லை, அதனால்தான் கூப்பிட்டேன். எடுத்தாள். பேசினாள் என்றுதான் நினைக்கிறேன். காற்று மட்டும் வந்தது. காதோடு அழுத்திப் பார்த்தேன், சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். காற்றுதான்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம். நான் கேட்பது, அவள் நகத்தால் போனைத் தட்டுவது. ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. சாப்பிட்டாயா? ஒரு தட்டு. கழுத்து வலிக்கிறதா? இரண்டு. தனியாகக் கஷ்டமாக இருக்கிறதா? வெகுநேரம் சத்தமே இல்லை, அப்புறம் இரண்டு.

"நான் வரட்டுமா?" என்றேன்.

கேட்டு முடிப்பதற்குள் ஒரு தட்டு.

ஏப்ரல் 20, திங்கள்

மே ஐந்து, செவ்வாய்க்கிழமைப் படகு. டிக்கெட் ஒன்று. மே ஐந்து என்றே அவளுக்கு எழுதினேன். "நிஜமான அஞ்சா?" என்று பதில் வந்தது. நிஜமான ஐந்துதான்.

இவர் சட்டைப்பையைத் தைத்துக் கொடுத்தேன். இரட்டைத் தையல்.

மே 5, செவ்வாய்

காலையில் படகு ஏழு மணிக்கு என்று இவரிடம் சொல்லியிருந்தேன். ஏழு என்றால் ஏழு. ஐந்தரைக்கே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார், தான் போகிற பயணம் மாதிரி. பலகைவரை வந்தார். என் முகத்தைப் பார்த்தார். முடியாவிட்டால் என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொண்டார்.

இப்போது இரண்டாவது படகு. இந்த மாதத்திலிருந்து எப்போதுமே ஒரு மணிக்குத்தான் கிளம்புகிறதாம். அதே பெரியவர் இருக்கிறார். "துணைக்கு ஆள் வரலையா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். நானாகவே நடுப்பகுதிக்குப் போய் உட்கார்ந்தேன். மாத்திரை கையில் இருக்கிறது. ஒரு தடவை வாந்தி எடுத்தேன்.

இறங்கியதும் முதல் வேலை, என் காதைக் கொண்டுபோய் அவள் வாயருகே வைப்பது. போன தடவை தெருமுனையில் என்ன சொன்னாள் என்று கேட்க வேண்டும்.